பல்லில் கல்சியம் எத்தனை சதவீதம்? இலத்திரன் நுணுக்குக்காட்டி சொல்வதும் சொல்லாததும்

மலையகத்தில் பல்லுக்கு எந்தக் கேடு வந்தாலும் முதலில் பழி விழுவது கல்சியத்தின் மீதுதான். பிள்ளையின் பல் கறுத்தால் கல்சியம் போதவில்லை என்கிறோம். கர்ப்பிணிக்குப் பல் ஆடினால் வயிற்றிலிருக்கும் சிசு தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சிவிட்டது என்கிறோம். பல்லில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் தேயிலையில் உள்ள புளோரைட்டு ஏறிவிட்டது என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம். இந்தப் பேச்சுக்கு இப்போது ஆய்வுகூடச் சாயமும் பூசப்படுகிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பல்லில் கல்சியம் 34 சதவீதம்தான் இருந்ததாம், ஒரு பற்பசையைத் தேய்த்த பிறகு 37 ஆகிவிட்டதாம் என்ற மாதிரியான எண்கள் கைபேசிக்குக் கைபேசி தாவுகின்றன.

எதில் 34? பல்லின் எந்த இடத்தில்? நிறையின்படியா, அணுக்களின் எண்ணிக்கைப்படியா? இவற்றைக் கேட்காமல் அந்த எண்ணை நம்புவதில் பயனில்லை, தூக்கி எறிவதிலும் பயனில்லை. கருவி அருமையான கருவி. தன் எல்லைக்குள் எது அகப்பட்டதோ அதை மட்டும் அது அறிவிக்கிறது. அந்த எல்லை எது என்று தெரிந்துகொண்டால், நம் பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேசப்படும் பாதிப் புரளிகள் தாமாகவே அடங்கிவிடும்.

பல்லின் மேலுறை எதனால் ஆனது?

நாம் கண்ணாடியில் பார்க்கும் பல்லின் வெள்ளை மேற்பரப்புதான் எனாமல். பாடப் புத்தகத்தில் மிளிரி என்று படித்திருப்பீர்கள். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். கடைவாய்ப் பல்லின் முகட்டில் இது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். நிறையில் சுமார் 96 சதவீதம் கனிமம். மீதி நீரும் சிறிதளவு புரதமும்.

அந்தக் கனிமத்தின் பெயர் ஐதரொட்சி அப்பதைற்று. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவலையில் உரத்துக்காகத் தோண்டி எடுக்கிறார்களே, அந்த அப்பதைற்றுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் வாயில் இருப்பதும். இதன் அடிப்படை அலகில் 10 கல்சியம், 6 பொசுபரசு, 26 ஒட்சிசன், 2 ஐதரசன் என 44 அணுக்கள் இருக்கின்றன. கல்சியம், பொசுபரசு போன்று ஒரே வகை அணுக்களால் ஆன அடிப்படைப் பொருளை மூலகம் என்கிறோம். உண்மையான எனாமல் இந்தச் சூத்திரத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. காபனேற்று, சோடியம், மகனீசியம், குளோரின், புளோரின் எல்லாம் சிறு அளவில் அதற்குள் புகுந்திருக்கும். பல்லின் வெளிப்புறத்தில் கல்சியமும் பொசுபரசும் சற்று அதிகம். உள்ளே போகப் போக அவை குறைந்து மகனீசியமும் காபனேற்றும் கூடும். ஆகவே நல்ல ஆரோக்கியமான ஒரே பல்லில்கூட இடத்துக்கு இடம் எண் மாறும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போது அழிந்துபோகின்றன. உடைந்த எலும்பு கூடும், ஆனால் போன எனாமலை உடலால் மீண்டும் வளர்க்க முடியாது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமல் பிள்ளை பிறக்கும் காலத்தை ஒட்டி உருவாகத் தொடங்கி, மூன்று வயதளவில் முடிந்துவிடுகிறது; பல் வாயில் தெரிவதோ ஆறு வயதில். முப்பது வயதில் விழுங்கும் கல்சிய மாத்திரை எலும்புக்கு உதவலாம், எனாமலுக்குள் போய்ச் சேர வழியில்லை. கருவிலிருக்கும் சிசுவுக்கும் தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை எடுக்க வழியில்லை. முளைத்த பல்லின் மேற்பரப்போடு கொடுக்கல் வாங்கல் செய்வது உமிழ்நீர் ஒன்றுதான். அமிலம் கரைத்ததில் ஒரு பகுதியை உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் மீண்டும் படிய வைக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எனாமல் பெரும்பாலும் ஒரே கனிமம், அதில் முதன்மையானவை கல்சியம், பொசுபரசு, ஒட்சிசன். அது ஒரு முறை உருவாவது. அதன் மூலக அளவு இடத்துக்கு இடம் சிறிது மாறுவது இயல்பு.

கண்ணை மூடிக்கொண்டு கூத்துக் கேட்பது

காமன் கூத்து நடக்கும் இரவில் லயத்துத் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் தப்பு எது, உருமி எது, ஜாலரா எது என்று உங்கள் காது பிரித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் இருக்கிறது. எந்த ஓசை ஓங்கி ஒலிக்கிறது என்பதை வைத்து, எந்த வாத்தியம் எத்தனை இருக்கும் என்றும் ஓரளவு ஊகிக்கலாம்.

பல்லின் மூலகங்களை அளக்கும் வழி இதுதான். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனிக் குரல் உண்டு; அந்தக் குரல் எக்ஸ் கதிர். குரலின் சுருதி எந்த மூலகம் என்பதைக் காட்டும். அதன் உரப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும். ஊகத்தில் எங்கெங்கே சறுக்கலாம் என்பதையும் இதே கூத்து நமக்குச் சொல்லித்தரும்: நெருங்கிய சுருதியுள்ள இரண்டு வாத்தியங்கள், பேரிரைச்சலில் அமுங்கும் மெல்லிய ஓசை, இடையிலிருக்கும் சுவரைத் தாண்டாத ஓசை. இவற்றை ஒவ்வொன்றாகப் பின்னர் பார்ப்போம். முதலில் பல் எப்படிக் குரல் கொடுக்கிறது?

இலத்திரன் மோதினால் என்ன நடக்கும்?

அணுவின் நடுவில் கரு. அதைச் சுற்றிப் பல சக்தி மட்டங்களில் இலத்திரன்கள். கருவுக்கு மிக அருகிலுள்ள மட்டத்தில் இருப்பவை மிக இறுக்கமாகப் பிடித்துவைக்கப்பட்டவை. வெளியிலிருந்து வேகமாக வரும் ஓர் இலத்திரன் இந்த உள்மட்ட இலத்திரன்களில் ஒன்றைத் தட்டி வெளியேற்றிவிட்டால் அங்கே ஓர் இடம் காலியாகிறது. மேல்மட்டத்தில் இருக்கும் இலத்திரன் ஒன்று உடனே அந்த இடத்துக்கு இறங்குகிறது. இறங்கும்போது மிஞ்சும் சக்தி எக்ஸ் கதிராக வெளியேறலாம்.

இந்தச் சக்தி இடைவெளி ஒவ்வொரு மூலகத்துக்கும் வேறு. கல்சியத்தின் முதன்மைக் கதிருக்கு 3.69 கிலோ இலத்திரன்வோல்ட், பொசுபரசுக்கு 2.01, மகனீசியத்துக்கு 1.25, சோடியத்துக்கு 1.04, புளோரினுக்கு 0.68, ஒட்சிசனுக்கு 0.52. கிலோ இலத்திரன்வோல்ட் என்பது இத்தகைய நுண்ணிய சக்தியை அளக்கும் அலகு. அணு எண் கூடக் கூட இந்தச் சக்தி ஒரே ஒழுங்கில் ஏறுகிறது என்பதை 1913 இல் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் காட்டினார். இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், கலிப்பொலிப் போர்க்களத்தில் அவர் கொல்லப்பட்டார். இன்று உலகெங்கும் ஒவ்வொரு ஆய்வுகூடத்திலும் மூலகங்களை இனங்காணும் கருவி அவர் கண்ட ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. போர் எதை அழிக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. மெல்லிய இலத்திரன் கற்றையைக் கொண்டு ஒரு சிறு புள்ளியின் மூலக அமைப்பை அளக்கும் முறையை ரேமோன் கஸ்தேங் 1951 இல் பாரிசில் தம் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் வகுத்தார்.

இன்றைய கருவியில் இரண்டு பகுதிகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, வருடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி. மிக மெல்லிய இலத்திரன் கற்றையைப் பொருளின் மேல் வரிவரியாக ஓட்டி, திரும்பி வரும் இலத்திரன்களைக் கொண்டு படம் வரைவது அது. மற்றொன்று அதன் பக்கத்தில் பொருத்தப்பட்ட எக்ஸ் கதிர் உணரி. வரும் கதிர்களைச் சக்திவாரியாகப் பிரித்து எண்ணிக் கணினித் திரையில் மேடும் பள்ளமுமான ஒரு கோட்டை வரையும். அந்தக் கோடுதான் நிறமாலை. அதில் ஒவ்வொரு முகடும் ஒரு மூலகத்தின் குரல். ஆய்வுகூடங்களில் இந்த முறையை ஈடிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல் வைத்தியசாலையில் எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படமும் இதுவும் வேறு. அங்கே கதிர் வெளியிலிருந்து வந்து பல்லை ஊடுருவி நிழற்படத்தை உண்டாக்குகிறது. இங்கே கதிர் பிறப்பதே பல்லின் அணுக்களில்தான். பல்லைக் கழற்றி வெற்றிட அறைக்குள் வைத்துத்தான் இதைச் செய்ய முடியும் என்பதால், வாயில் இருக்கும் பல்லில் யாரும் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. நோயாளியின் பல்லை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கல்சியம் குறைவு என்று சொன்னார்கள் என்று எவராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

எவ்வளவு ஆழம் வரை தெரியும்?

வழக்கமாக 15 அல்லது 20 கிலோவோல்ட் அழுத்தத்தில் கற்றையைச் செலுத்துவார்கள். அந்த வேகத்தில் எனாமலுக்குள் நுழையும் இலத்திரன்கள் இரண்டு மூன்று மைக்ரோமீற்றர் ஆழத்திலேயே ஓய்ந்துவிடும். ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டரை மில்லிமீற்றர் தடிப்புள்ள எனாமலில் கருவிக்குத் தெரிவது மேற்புறத்தின் ஆயிரத்தில் ஒரு பங்களவே. பக்கவாட்டிலும் அதே கதைதான். ஆகவே ஓர் எண் என்றால் அது ஒரு புள்ளியின் எண். பல்லின் எண் ஆக வேண்டுமென்றால் பல புள்ளிகளில், பல பற்களில் அளந்து அவற்றின் பரம்பலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பல்லைத் தயார் செய்யும் இடத்தில் நுழையும் பொய்கள்

எனக்குக் கேட்டால் முழு வேலையிலும் கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான் என்பேன். கழற்றிய பல்லைச் சுத்தம் செய்து, பிசினில் பதித்து, வைர வாளால் மெதுவாக அறுத்து, அறுத்த முகத்தை மினுமினுக்கும் வரை மெருகேற்றுவார்கள். மேடுபள்ளமான பரப்பில் எக்ஸ் கதிர்கள் சில மேட்டுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். உணரிக்கு வந்து சேர்வது குறையும். கூத்து நடக்கும் இடத்துக்கும் நமக்கும் நடுவில் சுவர் வந்தால் மெல்லிய ஓசை நின்றுவிடுவதைப் போலத்தான் இதுவும். அதனால் மெருகேற்றாத பல்லின் மேல் எடுத்த எண்களைப் பெரிய நம்பிக்கையோடு ஒப்பிட முடியாது.

ஆனால் மெருகேற்றும்போதே அந்நிய மூலகங்கள் ஒட்டிக்கொள்ளும். தேய்க்கும் தாளில் சிலிக்கன் காபைட்டு இருக்கிறது. அதன் துகள் ஒன்று எனாமலின் நுண்ணிய வெடிப்பில் தங்கினால் நிறமாலையில் சிலிக்கன் முகடு எழும். இறுதி மெருகுக்கு அலுமினாத் தூளைப் பயன்படுத்தினால் அலுமினியம் எழும். மலையகத்துக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்பது உண்மை. ஆகவே தோட்டத்து மக்களின் பல்லில் தேநீர் அலுமினியத்தைச் சேர்த்துவிட்டது என்று எழுத மனம் துடிக்கும். மெருகுத் தூளை மாற்றி இன்னொரு பல்லை அறுத்துப் பார்க்கும் வரை அந்த வாக்கியத்தை எழுதவே கூடாது.

அடுத்தது பூச்சு. எனாமல் மின்னைக் கடத்தாது. இலத்திரன்கள் அதன் மேல் தேங்கிப் படத்தைக் குலைக்கும். அதைத் தவிர்க்க மிக மெல்லிய கடத்திப் படலம் ஒன்றைப் பூசுவார்கள். படம் எடுக்க மட்டும் என்றால் தங்கம் நன்று. மூலகம் அளக்கப் போகிறோம் என்றால் தங்கம் தொல்லை. தங்கத்தின் ஒரு கதிர் 2.12 இல் விழுகிறது, பொசுபரசோ 2.01 இல். பிளாற்றினம் இன்னும் நெருக்கம், 2.05. ஒரே சுருதிக்குப் பக்கத்தில் இரண்டு வாத்தியங்கள் முழங்கினால் எதன் ஓசை எவ்வளவு என்று பிரிப்பது கடினம் அல்லவா? பொசுபரசுதான் எனாமலின் இரண்டு முதன்மைக் குரல்களில் ஒன்று. அதனால் எனாமல் ஆய்வுக்குக் காபன் பூச்சே பொருத்தம். ஓர் ஆய்வுக் கட்டுரையில் தங்கப் பூச்சு என்று கண்டால் பொசுபரசின் எண்ணை நான் இரண்டு முறை படிப்பேன்.

மறுபடியும் சுருக்கமாக: கற்றை தட்டுகிறது, அணுக்கள் தத்தம் எக்ஸ் கதிரை வெளிவிடுகின்றன, உணரி அவற்றைப் பிரித்து எண்ணுகிறது. கேட்பது ஒரு புள்ளியின் மேற்புறம் மட்டும். அதிலும் பல்லைத் தயார் செய்த முறை தன் மூலகங்களைக் கலந்துவிடலாம்.

எதில் 34?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கலப்பில்லாத ஐதரொட்சி அப்பதைற்றில் கல்சியம் எவ்வளவு? நிறையின்படி 39.9 சதவீதம். அணுக்களின் எண்ணிக்கைப்படி 44 இல் 10, அதாவது 22.7 சதவீதம். ஒரே பொருள், இரண்டு எண்கள். இரண்டும் சரி. ஓர் அட்டவணை நிறைச் சதவீதத்தில் இருக்க, இன்னோர் அட்டவணை அணுச் சதவீதத்தில் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருவரின் பல் மற்றவரின் பல்லைவிட மோசம் என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

இதைவிட ஆழமான பொறி ஒன்று உண்டு. பெரும்பாலான மென்பொருள்கள் தாம் இனங்கண்ட மூலகங்களின் அளவுகளைக் கூட்டி, கூட்டுத்தொகை 100 வரும்படி சரிசெய்துவிடும். அதாவது எண் காட்டுவது பங்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன கலப்பில்லாத கனிமத்தின் மேல் காபன் பூச்சும் பிசினும் படிந்து, கருவி 10 சதவீதம் காபனைக் கணக்கில் சேர்த்துவிட்டது என்று கொள்வோம். மீதி 90 தான் மற்றவற்றுக்கு. கல்சியம் 39.9 இலிருந்து 35.9 க்கு இறங்கிவிடும். பல்லிலிருந்து ஓர் அணுகூடக் குறையவில்லை. பந்தியில் இன்னொருவர் உட்கார்ந்ததால் பங்கு குறைந்தது, அவ்வளவே. 34 இலிருந்து 37 க்கு ஏறிய அந்தப் பற்பசைக் கதையிலும், காபனின் பங்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று கேட்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

இதனால்தான் ஆய்வாளர்கள் கல்சியத்துக்கும் பொசுபரசுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். கலப்பில்லாத கனிமத்தில் அது அணுக்கணக்கில் 1.67, நிறைக்கணக்கில் 2.16. காபன் வந்து சேர்ந்தாலும் இந்த விகிதம் மாறாது, ஏனெனில் இரண்டின் பங்கும் ஒரே அளவில் குறையும். நல்ல ஆய்வுகூடம் இன்னொன்றும் செய்யும்: மூலக அளவு முன்கூட்டியே தெரிந்த அப்பதைற்றுக் கல் ஒன்றை அதே நாளில், அதே நிலைமையில் அளந்து அதனோடு ஒப்பிடும். மெக்சிக்கோவின் துராங்கோவில் கிடைக்கும் அப்பதைற்று இதற்குப் பெயர் பெற்றது. இத்தகைய ஒப்பீட்டுப் பொருளைத் தரப்பொருள் என்பார்கள். தரப்பொருள் இல்லாமல் மென்பொருளின் உள்கணக்கை மட்டும் நம்பி எடுத்த எண், திசையைக் காட்டும், துல்லியத்தைத் தராது.

விகிதமும் எல்லாவற்றையும் சொல்வதில்லை

இது என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி, கொஞ்சம் நின்று பார்ப்போம். சொத்தையின் தொடக்கம் பல்லில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்க, அமிலத்தன்மை ஏறி பிஎச் ஏறத்தாழ 5.5 க்குக் கீழே இறங்கியதும் எனாமலின் கனிமம் கரையத் தொடங்கும். விசித்திரம் என்னவென்றால் மேற்படலம் பெரிதும் அப்படியே இருக்க, அதற்குக் கீழே கனிமம் குறைந்து நுண்துளைகள் உண்டாகும்.

இந்த இடத்தைக் கருவியில் அளந்தால் என்ன வரும்? கனிமம் கரையும்போது கல்சியமும் பொசுபரசும் சேர்ந்தே போகின்றன. மீந்திருக்கும் கனிமத்தில் விகிதம் பெரிதாக மாறாது. பங்குகளைக் கூட்டி 100 ஆக்கும் கணக்கில், துளைகள் வெறுமையாக இருந்தால் இழப்பே தெரியாமல் போகும். பிசின் புகுந்திருந்தால் காபனாகத் தலைகாட்டும். சொத்தை பிடித்த எனாமலிலும் கல்சியம் இயல்பாக இருப்பதாக அட்டவணை சொல்லக்கூடும் என்பதே இதன் பொருள்.

இழப்பைப் பிடித்துக் கொடுப்பது அதே கருவியின் இன்னொரு கண். கற்றையின் சில இலத்திரன்கள் அணுக்கருவில் மோதித் திரும்பி வருகின்றன. இவற்றைப் பின்சிதறிய இலத்திரன்கள் என்பார்கள். சராசரி அணு எண் கூடிய இடம் இந்தப் படத்தில் வெளிச்சமாகவும், குறைந்த இடம் இருட்டாகவும் தெரியும். கனிமம் நிறைந்த நல்ல எனாமல் பளிச்சிடும். அதனடியில் புரதமும் நீரும் கூடிய உட்பல் மங்கலாக இருக்கும். சொத்தை தொடங்கிய இடத்தில், வெளிச்சமான மேற்படலத்தின் கீழ் இருண்ட பட்டை ஒன்று ஓடும். எண்ணையும் படத்தையும் சேர்த்துத் தரும் ஆய்வையே நம்பிப் படிக்கலாம்.

கருவியின் காதுக்கு எட்டாதவை

ஐதரசனிடம் இருப்பது ஒரே இலத்திரன். அதைத் தட்டிவிட்டால் மேலிருந்து இறங்க இன்னொன்று இல்லை. ஆகவே அதற்குக் குரலே கிடையாது. ஐதரொட்சி அப்பதைற்று என்ற பெயரிலேயே இருக்கும் ஐதரசனைக் கருவி ஒருபோதும் காட்டாது.

புளோரின் வேறு வகை. அதற்குக் குரல் உண்டு, ஆனால் மிக மெல்லியது. 0.68 கிலோ இலத்திரன்வோல்ட் கதிரை எனாமலே விழுங்கிவிடும், பூச்சும் கொஞ்சம் விழுங்கும். பக்கத்தில் ஒட்சிசன் பெரு முழக்கம் இடுகிறது. பொதுவாக ஈடிஎஸ் முறையில் நிறையில் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை நம்பிக்கையாகப் பிடிக்க முடியாது. இத்தகைய இலேசான மூலகங்களுக்கு நிலைமை இன்னும் மோசம். எனாமலில் புளோரின் அதிகம் இருப்பது மேற்பரப்பை ஒட்டிய சில மைக்ரோமீற்றர்களில். அங்கேயே அது இந்த எல்லைக்கோட்டின் அருகில்தான் நிற்கும். உள்ளே போனால் பத்தில் ஒரு பங்காகிவிடும். எனாமலின் ஐதரொட்சி முழுவதும் வெளியேறிப் புளோரின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாலும்கூட நிறையில் 3.8 சதவீதத்தைத் தாண்ட முடியாது. ஓர் அட்டவணையில் பல்லின் புளோரின் 8 சதவீதம் என்று போட்டிருந்தால், மேலே பூச்சு மருந்தோ நிரப்புப் பொருளோ ஒட்டியிருக்கிறது, அல்லது முகட்டைத் தவறாக வாசித்திருக்கிறார்கள்.

ஈயம் போன்றவை பத்து இலட்சத்தில் சில பங்குகளாக மட்டுமே பல்லில் இருக்கும். அவற்றுக்கு வேறு கருவிகள் வேண்டும். நம் நாட்டின் பத்தாதொம்பலென, பாகியன்லென குகைகளில் கிடைத்த ஆதி மனிதர்களின் பல் எனாமலைக் கொண்டு, அவர்கள் மழைக்காட்டை நம்பி வாழ்ந்தார்கள் என்று 2015 இல் காட்டினார்களே, அதுவும் இந்த முறை அன்று. அது ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களை எண்ணும் முறை. எக்ஸ் கதிரின் சுருதியில் அந்த வேறுபாடு தெரியாது.

தேயிலை, பீலித் தண்ணீர், வெற்றிலை

தேயிலைச் செடி புளோரைட்டைச் சேர்ப்பது உண்மை. முற்றிய இலையில் கொழுந்தைவிட அதிகம். ஆனால் பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையுமாக வரும் புளோரோசிஸ் என்னும் கேடு, எனாமல் உருவாகும் சிறுவயதில் அளவுக்கு மீறிய புளோரைட்டு உடலில் சேர்வதால் ஏற்படுவது. நம் நாட்டில் அது அதிகம் காணப்படுவது அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற வறண்ட வலயத்துக் கிணற்று நீர்ப் பகுதிகளில். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அங்குள்ள பல கிணறுகள் அதைத் தாண்டுகின்றன. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஓயாமல் பெய்யும் மழை கழுவிச் செல்லும் மண்ணிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் புளோரைட்டு பொதுவாகக் குறைவு. வளர்ந்தவர் குடிக்கும் பிளேன்டீ அவருடைய எனாமலில் புளோரோசிஸை உண்டாக்காது. அது விட்டுச் செல்லும் மண்ணிறம் மேலே படியும் சாயம். எனாமலின் மூலக அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனக்குக் கவலை தருவது கைக்குழந்தைக்குப் போத்தலில் கொடுக்கப்படும் சீனி போட்ட தேநீர்தான். அதிலுள்ள சீனி பல்லைக் கரைக்கிறது, தேநீரின் தனின் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. இதை அறிய நுணுக்குக்காட்டி தேவையில்லை.

வெற்றிலை போடுபவரின் பல்லோ அளப்பவரை நேரடியாக ஏமாற்றும். சுண்ணாம்பில் இருப்பது கல்சியம், பொசுபரசு இல்லை. பல்லின் மேற்பரப்பில் சுண்ணாம்புப் படிவு இருக்கும் இடத்தில் கற்றையை வைத்தால் கல்சியம் ஏறும், விகிதம் 1.67 ஐத் தாண்டி ஓடும். வெற்றிலை போடும் பாட்டியின் பல்லில் பேத்தியின் பல்லைவிடக் கல்சியம் அதிகம் என்று அறிக்கை வரும். பல்லை அறுத்து உள்முகத்தில் அளந்தால் அந்த அதிசயம் மறைந்துவிடும். ஈறோரத்தில் கல்லாக இறுகும் பற்காரையும் பெரும்பகுதி கல்சிய பொசுபேற்றுதான். அதைச் சுரண்டி எடுக்காமல் அளந்தால் நாம் கேட்பது எனாமலின் குரலா, காரையின் குரலா என்றே தெரியாது.

பல்லைக் கொடுப்பவர் கவனிக்க வேண்டியது

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடம் நம் கண்டிச் சீமையிலேயே இருக்கிறது. மலையகப் பிள்ளைகள் ஆய்வாளராக அங்கே நுழைவதையும் நான் பெரிதும் விரும்புகிறேன். ஆய்வுக்கென்று பல் கேட்டு யாராவது வந்தால், முதலில் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பிள்ளையின் பல்லை எவரும் எடுத்துச் செல்லக் கூடாது. ஆனால் கூரைமேல் எறியும் பால்பல் ஆய்வாளருக்குப் பொன் போன்றது. அதன் எனாமல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கியது. பிறப்புக்கு முன்னும் பின்னுமான காலம் இரண்டும் அதில் பதிந்திருக்கும்.

விழுந்த பல்லை வினாகிரியிலோ வெளிற்றும் திரவத்திலோ போட வேண்டாம், இரண்டும் மேற்பரப்பை மாற்றிவிடும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். மெதுவாகக் கழுவி, சுத்தமான நீருள்ள சிறு போத்தலில் வைத்து விரைவில் ஒப்படைக்கலாம். கிருமி வளராமல் இருக்க ஆய்வுகூடத்தார் அதில் தைமோல் சேர்ப்பார்கள். போத்தலின் மேல் எந்தப் பல், எந்த வயதில் விழுந்தது, பிறந்தது முதல் குடித்த நீர் பீலியா கிணறா குழாயா, எந்த ஊரில், புளோரைட்டுப் பற்பசை பயன்படுத்தினார்களா, பல்லில் எப்போதாவது மருந்து பூசியோ அடைத்தோ இருக்கிறதா என்று எழுதி ஒட்டுங்கள். பெரியவரின் பல் என்றால் வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை என்று தனித்தனியாக.